நெக் சாய்வு: டிகிரியை ஒதுக்கிவிட்டு பிரிட்ஜை அளந்து பாருங்கள்

எலக்ட்ரிக் கிட்டார் செய்ய இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “நெக் ஆங்கிள் எத்தனை டிகிரி வைக்கணும்?” கிட்டாரின் கழுத்து, அதாவது நெக், பாடியோடு எவ்வளவு சாய்ந்து சேர வேண்டும் என்பதுதான் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “பிரிட்ஜ் வாங்கியாச்சா?” பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் அந்த பிரிட்ஜை வாங்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பிரிட்ஜின் உயரம், விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃப்ரெட்போர்டின் தடிமன், அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டின் உயரம், நெக் பாடியோடு சேரும் இடம் இந்த நாலும் முடிவானால் சாய்வு தானாக வந்து நிற்கும். இந்த நாலையும் பார்க்காமல், கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாருக்கு 4 டிகிரி என்று எங்கோ படித்ததை வைத்துத் தட்டையான பாடியில் வெட்டினால், பிரிட்ஜை ஏறக்குறைய 27 மி.மீ உயரத்துக்குத் தூக்கவேண்டி வரும். அதன் தாங்கு திருகுகள் அவ்வளவு வெளியே நீண்டால், கம்பிகளின் இழுவையில் பிரிட்ஜ் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

எதற்காக இந்தச் சாய்வு என்பதை முதலில் பார்த்துவிடலாம். கம்பி, நெக்கின் தலைப்பக்கம் அதைத் தாங்கும் நட்டிலிருந்து கிளம்பி, ஃப்ரெட்டுகளுக்கு மேலே சின்ன இடைவெளியில் ஓடி, பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான சேடிலில் போய் உட்காருகிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் வகை பிரிட்ஜ் தாழ்வானது. அந்தக் கிட்டார்களில் நெக்கின் அடிப்பகுதி ஃப்ரெட்போர்டையும் சேர்த்து 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. நெக் உட்காரப் பாடியில் வெட்டும் பள்ளம் 5/8 அங்குலம், 15.9 மி.மீ. மிச்சமுள்ள 9.5 மி.மீ பாடிக்கு மேலே நிற்கும். தாழ்வான பிரிட்ஜுக்கு அதுவே போதும். நெக் பாடிக்கு இணையாகவே படுக்கலாம், சாய்வு வேண்டாம். டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் அப்படியில்லை. பலகை மேல், திருகுகளில் ஏறி இறங்கும் சிறு சக்கரங்களில் நிற்கும் உயரமான பிரிட்ஜ் அது. கம்பி அவ்வளவு உயரத்தில் முடிய வேண்டுமென்றால், ஃப்ரெட்போர்டும் அந்தத் திசையில் மேல்நோக்கி ஏற வேண்டும். அதாவது நெக்கின் தலைப்பக்கம் பின்னால் சாய வேண்டும். (தலைப்பலகையின் சாய்வு வேறு விஷயம். நட்டுக்கு அப்பால் உள்ள அந்தச் சாய்வை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.)

கிப்சன் நிறுவனமே இதை வாசிப்பவர்கள் கையில் கொடுத்தபிறகுதான் சரிசெய்தது. 1952ல் முதல் லெஸ் பால் மாடல் வந்தபோது நெக்கின் சாய்வு குறைவு. கம்பியின் பின்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸின் பட்டைக்கு மேலே கம்பியைச் சுற்றினால் ஃப்ரெட்டுகளிலிருந்து மிக உயரமாகிவிடும் என்பதால், பட்டைக்கு அடியில் கொடுத்துச் சுற்ற வேண்டியிருந்தது. உள்ளங்கையை பிரிட்ஜ் மேல் வைத்து ஒலியை அடக்கி வாசிக்க அதில் வழியில்லை. 1953ல் நெக்கின் சாய்வைக் கூட்டி, பாடியில் நேரடியாகத் திருகிய பட்டைக்கு மாறினார்கள். 1954ல் லெஸ் பால் கஸ்டமில் டியூன்-ஓ-மேட்டிக் வந்தது. பிரிட்ஜ் மாறும்போதெல்லாம் சாய்வையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

நான் இங்கே சொல்லப்போவது கோவையில் ஒரு தச்சுப் பட்டறையில், அனுபவமுள்ள ஆசாரி ஒருவரோடு சேர்ந்து செய்த கிட்டாரைப் பற்றி. மகோகனியில் தட்டையான பாடி, அதே மரத்தில் ஒட்டு நெக், 24.75 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்). நெக் பாடியைத் தொடுவது 16ஆம் ஃப்ரெட்டில். ஃப்ரெட்போர்டுக்கு இடித்த பழைய வீட்டிலிருந்து வந்த ஈட்டிப் பலகை. உலகத்துக் கிட்டார்களில் இந்திய ரோஸ்வுட் என்று போகிற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான். அதை நம் கையாலேயே சீவி ஃப்ரெட் இறக்குவதில் தனி சந்தோஷம் இருக்கிறது.

முதல் வேலையாக பிரிட்ஜைத் தட்டையான பலகை மேல் அதன் திருகுகளோடு நிறுத்தி, சக்கரங்களை முழுக்க இறக்கி, பலகையிலிருந்து நடு சேடிலின் உச்சி வரை வெர்னியரால் அளந்தேன். 16 மி.மீ வந்தது. இதுதான் பிரிட்ஜின் மிகத் தாழ்ந்த நிலை. இதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. பின்னால் கம்பியைத் தாழ்த்த வேண்டி வந்தால் இடமே இருக்காது. நான் 18 மி.மீ என்று வைத்துக்கொண்டேன். 12ஆம் ஃப்ரெட் ஸ்கேலின் சரிபாதியில் இருப்பதால், பிரிட்ஜில் 2 மி.மீ இறக்கினால் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி 1 மி.மீதான் இறங்கும். கீழே இறக்க 1 மி.மீ கையிருப்பு இருந்தால் எந்தக் காலத்துக்கும் சமாளிக்கலாம்.

நடு சேடிலில் ஏன் அளக்க வேண்டும்? ஃப்ரெட்போர்டுக்கு 12 அங்குல ஆரத்தில் வளைவு உண்டு. டியூன்-ஓ-மேட்டிக் சேடில்களும் அதே வளைவில் நிற்கின்றன. ஓரக் கம்பிகளின் இடம் நடுவைவிட ஏறக்குறைய 1 மி.மீ தாழ்வு. ஒரு பக்கம் நடுவிலும் மறுபக்கம் ஓரத்திலும் அளந்தால் அந்த 1 மி.மீ கணக்கில் புகுந்துவிடும். எல்லாவற்றையும் நடுக்கோட்டிலேயே அளப்பது நல்லது.

அடுத்து ஃப்ரெட்போர்டு. வாங்கும்போது அது 8 மி.மீ இருந்தது. திருகல் எடுத்து, வளைவு சீவி முடித்தபின் நடுவில் 6 மி.மீ நின்றது. ஃப்ரெட் 1.2 மி.மீ. ஆகப் பாடிக்கு மேலே ஃப்ரெட் உச்சி 7.2 மி.மீ. ஃப்ரெட்போர்டில் குறையும் ஒவ்வொரு மில்லியும் பிரிட்ஜில் அப்படியே ஒரு மில்லியாகக் குறையும். அதனால் ஃப்ரெட்போர்டைச் சீவி முடிக்கும்வரை நான் பள்ளத்தைத் தொடுவதில்லை.

இனிக் கணக்கு. 12ஆம் ஃப்ரெட்டில் நடுக்கம்பிக்கு 1.6 மி.மீ இடைவெளி வேண்டும். நட்டில் 0.4 இருக்கும். அப்படியே நேராக நீட்டினால் பிரிட்ஜில் கம்பி, ஃப்ரெட்டுகளின் நேர்கோட்டுக்கு மேலே 2.8 மி.மீயில் இருக்கும். எனக்கு வேண்டிய 18லிருந்து 2.8 போனால் 15.2. ஃப்ரெட் உச்சிகளின் நேர்கோட்டை பிரிட்ஜ் வரை நீட்டினால், அது பாடியிலிருந்து 15.2 மி.மீ உயரத்தில் போக வேண்டும். நெக் சேரும் இடத்தில் அது 7.2. ஏற்றம் 8 மி.மீ. இந்த ஸ்கேலில் 16ஆம் ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஏறக்குறைய 250 மி.மீ. 250க்கு 8 என்பது டிகிரியில் 1.8.

இதையெல்லாம் தாளில் எண்ணாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், நீளமான பிளைவுட் துண்டில் பக்கவாட்டுத் தோற்றமாக உண்மை அளவிலேயே வரைந்தேன். பாடியின் மேல்கோடு, ஃப்ரெட்போர்டு, பிரிட்ஜ், டெயில்பீஸ், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்புகள், பள்ளத்தில் இறங்கும் நெக்கின் அடிக்கட்டை எல்லாம் அதில். ஃப்ரெட்போர்டின் கடைசி முனை பாடியிலிருந்து இரண்டரை மி.மீ எழுந்து நிற்கும் என்பது அந்தப் படத்தில்தான் கண்ணில் பட்டது. அந்த இடைவெளியை நெக்கின் மரமே அடைக்கும்படி, அடிக்கட்டையை முழு அகலத்துக்கும் விட்டோம். வெறும் எண்களைப் பார்த்திருந்தால் அது மரம் வெட்டியபிறகுதான் தெரிந்திருக்கும்.

ஆசாரியிடம் போய், “அண்ணா, 1.8 டிகிரி சாய்வுல பள்ளம் வெட்டணும்” என்றேன்.

“டிகிரி எனக்கு எதுக்குங்க தம்பி. எத்தனை இஞ்சுக்கு எத்தனை நூல் ஏறணும், அதைச் சொல்லுங்க.”

8 நூல் ஓர் அங்குலம். 8 மி.மீ என்பது இரண்டரை நூல். 250 மி.மீ பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. “பத்து இஞ்சுக்கு ரெண்டரை நூல்” என்றேன்.

“அவ்வளவுதானுங்க. சட்டம் சீவிடலாம்.”

அவர் கேட்டது சரியான கேள்வி. பட்டறையில் இருக்கும் கோணமானியில் கால் டிகிரி வித்தியாசத்தை நம்பிப் படிக்க முடியாது. ஆனால் கால் டிகிரி பிசகினால் பிரிட்ஜில் ஒரு மில்லிக்கு மேல் போய்விடும். நீளத்துக்கு இவ்வளவு ஏற்றம் என்று பிடித்தால், ஸ்கேலும் வெர்னியரும் போதும். அதற்குப்பிறகு நான் டிகிரியில் யாருக்கும் சொல்வதில்லை.

அவர் செய்த ஏற்பாடு எளிமையானது. இரண்டு தேக்குச் சட்டங்களைச் சேர்த்து கிளாம்ப் போட்டு, இரண்டையும் ஒன்றாக வைத்து இழைப்புளியால் சீவினார். பத்து அங்குல நீளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டரை நூல் வித்தியாசம். ஒன்றாகச் சீவியதால் இரண்டுக்கும் சாய்வு அச்சு அசல் ஒன்றே. தனித்தனியாகச் சீவியிருந்தால் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் வந்து, நெக் இடமோ வலமோ முறுக்கி உட்கார்ந்திருக்கும். சட்டங்களைப் பள்ளத்தின் இருபக்கமும் ஒட்டி, தாழ்ந்த முனை பாடியின் விளிம்பிலும் உயர்ந்த முனை பிரிட்ஜ் பக்கமும் வரும்படி வைத்து, மேலே எம்.டி.எஃப் பலகையில் வெட்டிய டெம்ப்ளேட்டைத் திருகினோம். மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர் மெஷின் அந்தச் சரிவின் மேலேயே நகரும்போது, பள்ளத்தின் தரையும் அதே சரிவில் விழும். விளிம்பில் ஆழம், பிரிட்ஜை நோக்கிப் போகப்போக மேடு. திசை மாறிவிடாமல் இருக்க, சட்டங்களில் பிரிட்ஜ் பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் அம்பு போட்டுக்கொண்டோம். முதலில் கழிவுக் கட்டையில் வெட்டிப் பார்த்து, அதில் நெக்கை வைத்து அளந்தபிறகே பாடியில் ரூட்டர் ஓட்டினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் 3 மி.மீக்கு மேல் இறக்கவில்லை. கணக்குக்குக் கால் மி.மீ முன்னதாகவே நிறுத்திவிட்டோம். அந்தக் கடைசிக் கால் மி.மீதான் கைவேலை.

இந்த வேலையில் நான் மிகவும் விரும்புவது இந்தக் கட்டத்தைத்தான். நெக்கைப் பசையில்லாமல் பள்ளத்தில் இறக்கி, கிளாம்ப் போட்டு, ஃப்ரெட்டுகள் மேல் நீளமான அலுமினியச் செவ்வகக் குழாயை வைத்தேன். குழாய் நேரானதா என்று முன்பே சோதித்திருந்தேன். அதை ஒட்டி ஒரு கோடு போட்டு, குழாயைத் திருப்பி வைத்து மறுபடி கோடு போட்டால், இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். குழாயின் அடிக்கும் பாடிக்கும் இடையே, பிரிட்ஜ் வரும் இடத்தில் அளந்தேன். 14.6. எனக்கு வேண்டியது 15.2. குறைவது 0.6 மி.மீ.

இந்த 0.6ஐ எங்கே எடுப்பது? பள்ளத்தின் நீளம் 75 மி.மீ. பிரிட்ஜ் பக்க முனையை அப்படியே விட்டு, பாடி விளிம்புப் பக்கம் மட்டும் சீவினால், நெக் பின்முனையை அச்சாகக் கொண்டு தலைப்பக்கம் சாயும். பின்முனையிலிருந்து பிரிட்ஜ் 175 மி.மீ தூரம். விளிம்பில் கால் மி.மீ எடுத்தால் பிரிட்ஜில் 0.58 ஏறும். அதே வேலையைப் பின்முனையில் ஆப்பு வைத்துச் செய்தால் அச்சு முன்விளிம்புக்கு வந்துவிடும், கணக்கு மாறும். அங்கே ஒரு ஏ4 தாளின் தடிமன், சுமார் 0.1 மி.மீ, பிரிட்ஜில் 0.33 ஆகிவிடும். மூன்று தாள் தடிமன் ஒரு முழு மில்லி. இந்தப் பள்ளத்தில் உப்புத்தாளை எடுக்கும்போது இந்த எண்ணை மனதில் வைத்திருங்கள். நாலு இழுப்பு அதிகம் போனாலே கம்பியில் தெரியும்.

பள்ளத்தின் தரையில் சாக்பீஸ் பொடியைத் தடவி, நெக்கை இறக்கி எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே நெக்கின் அடியில் வெள்ளை ஒட்டும். தட்டையான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால், விளிம்புப் பக்கம் அழுத்தி, பின்பக்கம் சும்மா தொட்டு இழுத்தேன். இறக்கு, அள, எடு, மறுபடி தேய். வெள்ளை அடி முழுக்கப் பரவலாக ஒட்டியபோது குழாயின் அடியில் 15.2 வந்தது, ஃப்ரெட்போர்டின் அடியும் பாடியும் விளிம்பில் சமமாக வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை. அவசரப்பட்டால் தரை குழிந்துவிடும். நடுவில் குழி விழுந்து ஓரங்கள் மட்டும் தாங்கினால் அளவு சரியாக இருந்தும் ஒட்டு பலமாக இருக்காது.

அளவு வந்தபின் இன்னும் இரண்டு சோதனை. நட்டின் இரு ஓரங்களிலிருந்து பிரிட்ஜ் இடத்துக்கு நூல் கட்டி, ஃப்ரெட்போர்டின் இருபக்க விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ஒன்றா என்று பார்ப்பது முதலாவது. நட்டின் மேல் ஒரு நேர்ச்சட்டமும் பிரிட்ஜ் இடத்தில் ஒரு நேர்ச்சட்டமும் குறுக்கே வைத்து, தலைப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது. இரண்டு சட்டமும் இணையாகத் தெரிந்தால் நெக் முறுக்கவில்லை. இதற்குப்பிறகுதான் பிரிட்ஜ் திருகுகளுக்குத் துளை போட வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் பிரிட்ஜ் சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அப்போதே பார்க்க வேண்டியது.

பசை போடுவதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பசை ஈரத்தில் நெக் வழுக்கும். கிளாம்பை ஒரு முனையில் மட்டும் இறுக்கினால், இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த சாய்வு அங்கேயே போய்விடும். ஃப்ரெட்போர்டின் வளைவுக்கு ஏற்றபடி அடியில் குடைந்த கட்டையை மேலே வைத்து, அடிக்கட்டையின் நடுவில் முதல் கிளாம்பை இறுக்கி, பசை ஈரமாக இருக்கும்போதே குழாயை வைத்து 15.2ஐ மறுபடி பார்த்துக்கொண்டோம்.

கம்பி கட்டி, நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடைச் சரிசெய்து, நட் வெட்டி முடித்தபோது சக்கரங்களுக்கு அடியில் ஏறக்குறைய 2 மி.மீ திருகு தெரிந்தது. 12ஆம் ஃப்ரெட்டில் இடைவெளி தடித்த கம்பியில் 1.8, மெல்லிய கம்பியில் 1.4 மி.மீ. கம்பிகள் எல்லாம் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. புது நெக் அதற்குப் பழக சில வாரம் ஆகும். அந்த நாட்களில் அளவு கொஞ்சம் ஏறியது. சக்கரத்தைச் சற்று இறக்கியதும் சரியானது. அந்த 2 மி.மீ கையிருப்பு இதற்காகத்தான்.

பிக்கப்புகளையும் மறந்துவிடக் கூடாது. நெக் சாய்ந்தால் கம்பிகளும் பாடிக்குச் சரிவாகவே போகும். பிக்கப்பைப் பிடிக்கும் வளையங்களை, நெக் பக்கம் தாழ்வானது, பிரிட்ஜ் பக்கம் உயரமானது என்று அடிப்பக்கம் சரிவுள்ள ஜோடியாகவே வாங்குங்கள். தட்டையான வளையங்கள் போட்டால் பிக்கப் கம்பிக்கு இணையாக நிற்காது.

ஏற்கெனவே செய்து முடித்த கிட்டாரில் சாய்வு தப்பாக இருந்தால்? ஒரு நண்பர், பாகங்களாக வரும் கிட் ஒன்றை வாங்கிச் சேர்த்த கிட்டாரைக் கொண்டுவந்தார். திருகு நெக், 25.5 அங்குல ஸ்கேல், பள்ளத்தில் சாய்வே இல்லை, மேலே டியூன்-ஓ-மேட்டிக். சக்கரங்கள் பாடியில் முட்டி நிற்கின்றன, 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி இன்னும் 3 மி.மீ உயரத்தில். கணக்கு அதைத்தான் சொல்கிறது. ஃப்ரெட்போர்டின் மேல்பரப்பு பாடிக்கு மேலே 9.5, ஃப்ரெட் 1.1, அதன்மேல் 2.8, ஆக பிரிட்ஜ் 13.4ல் நிற்க வேண்டும். அந்த பிரிட்ஜோ 16க்குக் கீழே இறங்காது. மிஞ்சும் 2.6ல் பாதி 12ஆம் ஃப்ரெட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடையில் டிரஸ் ராடை இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். டிரஸ் ராட் நெக்கின் வளைவை மட்டுமே திருத்தும், சாய்வை அது தொடாது. அதனால் எந்தக் கிட்டாரிலும் நான் முதலில் நெக்கின் வளைவைச் சரியாக்கி, நட் பள்ளங்களைப் பார்த்து, சேடிலை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாய்வுக்கு வருவேன்.

திருகு நெக் என்பதால் வேலை சுலபம். ஃபெண்டரே 1970களில் நெக் அடியில் ஒரு திருகை வைத்து இந்தச் சாய்வைத் திருத்திக்கொள்ள மைக்ரோ-டில்ட் என்ற ஏற்பாட்டைக் கொடுத்திருக்கிறது. நண்பரின் கிட்டாரில் அது இல்லை. பிரிட்ஜ் 17.5ல் நிற்க, அந்த இடத்தில் கணக்கில் வந்த 13.4 ஏறக்குறைய 4 மி.மீ உயர வேண்டும். 76 மி.மீ நீளப் பள்ளத்தில் அது பின்முனையில் 1.25 மி.மீ, முன்விளிம்பில் பூஜ்யம். விசிட்டிங் கார்டைக் கிழித்து மடித்துப் பின்முனையில் மட்டும் செருகுவது பலரின் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. நடுவில் காற்று இடைவெளி விழுந்து, திருகை இறுக்கும்போது நெக்கின் முனை அந்த வெற்றிடத்தில் வளைய வாய்ப்பிருக்கிறது. பள்ளத்தின் முழு நீள அகலத்துக்கும் மகோகனியில் ஒரு மெல்லிய ஆப்புப் பலகையைச் சீவினேன். சீவ வேண்டிய துண்டை இரட்டை ஒட்டு டேப்பால் தட்டையான கட்டையில் ஒட்டி, இருபக்கமும் சரிவுச் சட்டம் வைத்து இழைத்தால் முனை கிழியாமல் வரும். மர இழை நெக்கின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் மெல்லிய முனை பொடிந்துவிடும். நாலு திருகுக்கும் துளை போட்டு, பசையில்லாமல் வைத்து நெக்கை இறுக்கினோம். பிரிட்ஜ் சக்கரங்கள் பாடியை விட்டு எழுந்தன, 12ஆம் ஃப்ரெட்டில் 1.6 மி.மீக்கு வந்தது. டெயில்பீஸையும் பிரிட்ஜ் ஏறிய அளவுக்கு உயர்த்த வேண்டியிருந்தது. இல்லையென்றால் கம்பிகள் பிரிட்ஜின் பின்விளிம்பில் உரசும்.